அரிசி எட்டாத போர்முனை

நுழையும்முன்

போர் என்றதும் வாளும் துப்பாக்கியும் நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால், போருக்குச் சென்று மீளாத வீரர்களுள் பலர் எதிரியின் ஆயுதத்தால் மடிந்தவர் அல்லர். பசியும் குளிரும் மழையும் நோயும் அவர்களை மாய்த்தன. இந்திய விடுதலையை முன்னிட்டு 1944ஆம் ஆண்டில் பர்மா எல்லையில் நடைபெற்ற ஒரு படையெடுப்பின்வழி இவ்வுண்மையை விளக்குகிறது இப்பாடம்.

மட்டாஞ்சேரியும் பர்மா அரிசியும்

மாணவர்களே! மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் நடந்தால் காயலை ஒட்டிய பழைய பண்டகசாலைகளைக் காணலாம். மிளகும் சுக்கும் ஏலமும் இங்கிருந்து கடல் கடந்து சென்றன என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். இத்துறைமுகத்தின் வழியே உள்ளே வந்த பொருள்களும் உண்டு. அவற்றுள் இன்றியமையாதது அரிசி.

கேரளத்தில் விளைந்த நெல் அங்கு வாழ்ந்த மக்களுக்குப் போதவில்லை. நிலத்தின் பெரும்பகுதியில் தென்னை, மிளகு, இரப்பர் முதலிய பயிர்கள் வளர்ந்தன. எனவே, கொச்சி, திருவிதாங்கூர் ஆகிய இரு சமத்தானங்களும் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தன. இரண்டாம் உலகப்போருக்கு முன்னர் உலகிலேயே மிகுதியாக அரிசியை ஏற்றுமதி செய்த நாடு பர்மா ஆகும்.

1942 மார்ச்சுத் திங்களில் ஜப்பானியப் படை இரங்கூன் நகரைக் கைப்பற்றியது. அரிசிக் கப்பல்கள் நின்றுபோயின. கொச்சியிலும் திருவிதாங்கூரிலும் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. மரவள்ளிக்கிழங்கு ஏழைகளின் முதன்மை உணவாயிற்று.

இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே பர்மாவின் எல்லையில், இந்தியாவின் விடுதலைக்காகப் புறப்பட்ட வீரர்கள் ஒரு பிடி அரிசியின்றி வாடினர். நெல் கொழிக்கும் நாட்டில் நின்ற படை ஏன் பட்டினி கிடந்தது? இவ்வினாவிற்கு விடை தேடுவோம்.

கடல் கடந்து வாழ்ந்தோரின் படை

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பிரிட்டானியப் படையில் பணிபுரிந்த ஏறத்தாழ 45,000 இந்திய வீரர்கள் சிறைப்பட்டனர். அவர்களுள் விரும்பியோரைக் கொண்டு கேப்டன் மோகன்சிங் இந்திய தேசிய இராணுவத்தை உருவாக்கினார். ஜப்பானியரோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் அப்படை அவ்வாண்டின் இறுதியிலேயே கலைந்தது. 1943 சூலைத் திங்களில் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூருக்கு வந்து அதற்குப் புத்துயிர் ஊட்டினார். அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று தற்காலிக சுதந்திர இந்திய அரசு அங்கே அமைக்கப்பட்டது.

நேதாஜியின் அழைப்பை ஏற்று, படைப்பயிற்சி சிறிதும் இல்லாத பொதுமக்களும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தனர். அவர்களுள் மிகப் பலர் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்களும் அவர்களின் பிள்ளைகளும் ஆவர். பிழைப்புத் தேடிக் கடல் கடந்த பெற்றோருக்கு அயல்மண்ணில் பிறந்த அப்பிள்ளைகளுள் பலர் இந்தியாவை ஒருமுறையேனும் கண்டதில்லை. வீட்டில் கேட்ட பேச்சும் பாட்டும் கதையுமே அவர்கள் அறிந்த தாய்நாடு. பிறந்த ஊர் ஒன்றும் வீட்டுமொழி வேறொன்றுமாக வளரும் உங்களுக்கு அவர்களின் நிலை எளிதில் விளங்கும்.

பெண்களுக்கென்று ஜான்சிராணி படை தனியே தொடங்கப்பட்டது. அதன் தலைவி கேப்டன் லட்சுமி, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று சிங்கப்பூரில் மருத்துவராகப் பணியாற்றியவர். அவருடைய தாயார் அம்மு சுவாமிநாதன் பாலக்காட்டு மாவட்டத்து ஆனக்கரையைச் சேர்ந்தவர்.

மூன்று வார உணவு

1944 மார்ச்சில் ஜப்பானியத் தளபதி முடாகுச்சி, மணிப்பூரின் தலைநகரான இம்பாலைக் கைப்பற்றப் படையெடுத்தார். மூன்று ஜப்பானியப் படைப்பிரிவுகளோடு இந்திய தேசிய இராணுவத்தின் முதல் பிரிவும் சென்றது. அப்பிரிவில் பெரும்பாலோர் முன்பு பிரிட்டானியப் படையில் பணியாற்றியவர்கள். தோட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த தமிழர் பலர், பின்னர் 1945ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐராவதி ஆற்றங்கரைப் போரில் பங்கேற்றனர்.

முடாகுச்சியின் திட்டம் துணிச்சலானது. அதனாலேயே பேரிடர் மிக்கது. வீரர்கள் ஏறத்தாழ மூன்று வாரத்திற்கான உணவை மட்டுமே எடுத்துச் சென்றனர். அதற்குள் இம்பால் வீழ்ந்துவிடும். அங்குள்ள பிரிட்டானியக் கிடங்குகளில் வேண்டிய உணவு கிடைத்துவிடும் என்பது அவருடைய கணிப்பு. மாடுகளையும் உடன் ஓட்டிச் சென்றனர். அவை வழியில் சுமை சுமக்கும். பின்னர் உணவாகும் என்று எண்ணினர். ஆனால், சிண்ட்வின் ஆற்றைக் கடக்கும்போதும் செங்குத்தான மலைகளில் ஏறும்போதும் மாடுகள் பெருமளவில் மடிந்தன.

மூன்று வாரம் கடந்தது. இம்பால் வீழவில்லை.

மூணாற்றைவிட உயர்ந்த மலையில்

ஷாநவாஸ்கான் தலைமையிலான சுபாஷ் படையணியின் ஒரு பகுதி, பர்மாவின் மேற்கெல்லையில் உள்ள சின் மலைகளைக் காவல் காத்தது. அங்குள்ள ஹாக்கா என்னும் ஊர் ஏறத்தாழ 1,860 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் மூணாறு நகரைவிட அஃது உயரமானது. குளிர்காலம் இன்னும் நீங்காத வேளையில் வீரர்கள் அங்குச் சென்று சேர்ந்தனர். ஆளுக்கு ஒரு மெல்லிய போர்வையே இருந்தது. குளிரைத் தாங்கும் ஆடை போதவில்லை. இரவில் உறங்க இயலாமல் தீமூட்டி அதனைச் சுற்றி அமர்ந்து பொழுதைக் கழித்தனர்.

உணவு மலையடிவாரத்தில்தான் கிடைத்தது. அதை ஏற்றிவர வண்டியோ பொதிவிலங்கோ இல்லை. எனவே, காவல் காக்க வேண்டிய வீரர்களே மூட்டை தூக்கும் கூலிகளாக மாறினர். பல மைல் தொலைவு மலையேறி அரிசியைச் சுமந்து வந்தனர். ஏறிவரும் வழியில் சுமந்தோரும் உண்ண வேண்டும் அல்லவா? எனவே, சுமந்துவந்த அரிசியில் ஒரு பகுதி வழியிலேயே செலவாயிற்று. மேலே எட்டிய அளவு மிகக் குறைவு. சோறும் உப்புமே உணவாயின. காட்டில் கிடைத்த புல்லையும் இலையையும் சோற்றோடு வேகவைத்து உண்டனர்.

கீழே, இம்பாலுக்குத் தென்கிழக்கே உள்ள பாலேல் என்னுமிடத்தில் எதிரியின் விமானத்தளம் இருந்தது. மே மாதத் தொடக்கத்தில் காந்தி படையணியினர் அதனைத் தாக்கச் சென்றனர். விரைந்து நடக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொருவரும் ஒரு போர்வை, ஒரு துப்பாக்கி, 50 தோட்டாக்கள் ஆகியவற்றை மட்டுமே கொண்டு சென்றனர். தாக்குதல் தோல்வியுற்றது. அதன்பின் அம்மலைகளிலேயே வாரக்கணக்கில் அவர்கள் நிற்க நேர்ந்தது. விரைவுக்காக விட்டுச்சென்ற பொருள்கள் பின்னர் அவர்களை வந்து சேரவே இல்லை.

வானம் பிளந்தது

மே மாதத்தில் பருவமழை தொடங்கியது. கொச்சியில் வாழும் உங்களுக்கு இடவப்பாதி மழையின் வலிமையைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மழையை, கூரையின்றி, காய்ந்த ஆடையின்றி, காட்டுமலைச் சரிவில் இரவும் பகலும் நின்று ஏற்பதாக எண்ணிப் பாருங்கள்.

மழை வீரர்களின் உடலை நனைத்ததோடு நிற்கவில்லை. உணவு வரும் வழியையும் அழித்தது. மலைப்பாதைகள் முழங்கால் அளவு சேறாயின. சரக்கு வண்டிகள் புதைந்து நின்றன. ஆறுகள் பெருகியதால் படகுகளால் கடக்க இயலவில்லை. பின்னாலிருந்த இருப்புப்பாதைகளையும் பாலங்களையும் நேசநாட்டு விமானங்கள் குண்டுவீசித் தகர்த்தன. பர்மாவின் சமவெளியில் அரிசி இருந்தது. சில நூறு மைல் தொலைவில் மனிதர் பசியால் சாய்ந்தனர். இரண்டிற்கும் இடையே பாதை இல்லை.

இவ்விடத்தில் மற்றொரு துயரத்தையும் நாம் மறக்கலாகாது. பர்மாவில் உள்ள படைக்குப் பொருள் அனுப்புவதற்காகவே ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவிற்கு 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதையை அமைத்தனர். அப்பணிக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் பசியாலும் நோயாலும் அங்கே மடிந்தனர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. அத்தனை உயிர்களை விழுங்கிய பிறகும் போர்முனைக்குப் போதிய உணவு சென்றடையவில்லை. ஒரே தோட்டத்திலிருந்து ஒருவர் படைக்கும் மற்றொருவர் பாதைப்பணிக்கும் சென்ற காலம் அது.

கொயினாவும் கொசுவும்

பசித்த உடலை நோய் எளிதில் பற்றும். மணிப்பூர் எல்லைக் காடுகள் மலேரியாக் காய்ச்சலுக்குப் பேர்போனவை. வீரர்களிடம் கொசுவலை இல்லை. மலேரியாவிற்கு மருந்தான கொயினா சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. அந்நாளில் உலகத்திற்குத் தேவையான கொயினாவில் மிகப்பெரும் பங்கு சாவகத் தீவிலிருந்து வந்தது. சாவகமோ ஜப்பானியர் வசம் இருந்தது. இருந்தும், போர்முனையில் நடுங்கிக் கிடந்த வீரனுக்கு ஒரு வில்லை கிடைப்பது அரிதாயிற்று. அரிசியின் கதையே மருந்தின் கதையும் ஆனது.

அசுத்த நீரால் வயிற்றுக்கடுப்பு பரவியது. சத்துக்குறைவால் கைகால்கள் வீங்கின. ஈரத்தில் ஊறிய காலணிகள் கிழிந்து, காலில் ஏற்பட்ட புண்கள் ஆறாமல் பெருகின.

திரும்பிய வழி

1944 சூலையில் படையெடுப்புக் கைவிடப்பட்டது. பின்வாங்கும் பயணம் முன்னேறும் பயணத்தைவிடக் கொடியதாக இருந்தது. நடக்க இயலாதவர்கள் வழியோரத்தில் அமர்ந்தனர். பலர் மீண்டும் எழவில்லை. அப்பாதையை ஜப்பானிய வீரர்கள் ‘வெள்ளெலும்புச் சாலை’ என்றே அழைத்தனர்.

இம்பால் போர்முனைக்குச் சென்ற இந்திய தேசிய இராணுவ வீரர்கள் ஏறத்தாழ 6,000 பேர். வரலாற்று நூல்கள் தரும் கணக்கின்படி, போரில் கொல்லப்பட்டோர் ஏறத்தாழ 400 பேர். பசியாலும் நோயாலும் இறந்தோரோ ஏறத்தாழ 1,500 பேர். 800 பேர் சரணடைந்தனர்; 700 பேருக்கு மேல் படையை விட்டு நீங்கினர். மீண்டு வந்த ஏறத்தாழ 2,600 பேருள் 2,000 பேருக்கு மருத்துவமனைச் சிகிச்சை தேவைப்பட்டது. ஜப்பானியப் படையும் இதே கதியை அடைந்தது. அத்தரப்பில் ஏறத்தாழ 30,000 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோரை மாய்த்தவை பட்டினியும் பிணியுமே.

இவ்வெண்களை மீண்டும் ஒருமுறை பாருங்கள். ஒரு வீரன் தோட்டாவால் இறந்தபோது, ஏறத்தாழ நால்வர் பசியாலும் நோயாலும் இறந்துள்ளனர். சரணடைந்தோரையும் விலகிச் சென்றோரையும் கோழைகள் என்று கூறிவிடுவது எளிது. வாரக்கணக்கில் புல்லை உண்டு, காய்ச்சலில் நடுங்கி நின்ற மனிதனைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன் நாம் சற்றே தயங்க வேண்டும். அதே பசியில் நிலைகுலையாது நின்றோரின் பெருமையும் அப்போதுதான் நமக்கு முழுமையாக விளங்கும்.

மறுபக்கத்தில் நின்றோர்

இம்பாலைக் காத்து நின்ற பிரிட்டானியப் படையிலும் பெரும்பாலோர் இந்தியரே. அவர்களும் அதே மழையில் நனைந்தனர். அதே கொசுக்கடிக்கு ஆளாயினர். சாலைவழி அடைபட்டு, மூன்று மாத அளவில் அவர்களும் முற்றுகையில் இருந்தனர். எனினும், அவர்களுக்கு உணவும் மருந்தும் எரிபொருளும் விமானங்களில் நாள்தோறும் வந்து இறங்கின. நோயுற்றோர் அதே விமானங்களில் வெளியேற்றப்பட்டனர். மெப்பாக்ரின் என்னும் மலேரியாத் தடுப்பு மாத்திரையை ஒவ்வொரு வீரரும் தவறாது உட்கொள்கின்றனரா என்று அதிகாரிகள் கண்காணித்தனர். சூன் 22 அன்று கொகிமா–இம்பால் சாலை திறக்கப்பட்டது. இருபக்கமும் துணிவு இருந்தது. உணவு ஒரு பக்கமே சேர்ந்தது.

பனியில் கிடந்த மற்றொரு படை

உலக வரலாற்றில் இதுபோன்ற நிகழ்ச்சி இது முதன்முறை அன்று. பிரிட்டானிய ஆட்சியை எதிர்த்து அமெரிக்கர் நடத்திய விடுதலைப்போரில், ஜார்ஜ் வாஷிங்டனின் படை 1777 டிசம்பரில் வேலி போர்ஜ் என்னும் இடத்தில் குளிர்காலத்தைக் கழிக்கப் பாசறை அமைத்தது. ஏறத்தாழ 12,000 பேர் கொண்ட அப்படையில் பலருக்குக் காலணி இல்லை, போர்வை இல்லை. அங்கே பெரும்போர் எதுவும் நடைபெறவில்லை. ஆயினும், ஆறு மாதத்திற்குள் ஏறத்தாழ 2,000 பேர் நோயால் இறந்தனர். நாட்டில் தானியம் இல்லாமல் இல்லை. வண்டிகளும் நல்ல பாதைகளும் சீரான நிருவாகமும் இல்லை. அமெரிக்காவின் பனியும் மணிப்பூரின் மழையும் ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றன.

செவிலியராக நின்ற வீராங்கனைகள்

பின்வாங்கிய வீரர்கள் பர்மாவின் மேமியோ முதலிய ஊர்களில் இருந்த மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்தனர். ஜான்சிராணி படையினர் போர்முனைக்குச் செல்லவே பயிற்சி பெற்றவர்கள். அதையே வேண்டி நின்றவர்கள். ஆனால், காலம் அவர்களை நோயாளிகளின் படுக்கையருகே நிறுத்தியது. புண்களைக் கழுவுவதும் கஞ்சி ஊட்டுவதும் இரவு முழுவதும் விழித்திருப்பதும் அவர்களின் கடமையாயின.

அவர்களுள் ஒருவர் கோலாலம்பூரில் 1925இல் பிறந்த ஜானகி தேவர் என்னும் தமிழ்ப்பெண். நேதாஜியின் உரையைக் கேட்டுத் தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்துப் படையில் சேர்ந்தவர். 1945 ஏப்ரலில் இரங்கூனைவிட்டு நேதாஜி வெளியேறியபோது, ஜானகி தலைமையில் ஜான்சிராணி படையினர் ஏறத்தாழ நூறு பேர் உடன் சென்றனர். பகலில் விமானங்களுக்கு அஞ்சி மரங்களிடையே மறைந்திருந்தனர். இரவில் சேற்றிலும் ஆற்றிலும் இறங்கி நடந்தனர். நேதாஜியும் கால்கள் கொப்பளிக்க அவர்களோடு நடந்தார். ஏறத்தாழ மூன்று வாரம் கழித்துப் பாங்காக்கை அடைந்தனர்.

தோல்விக்குப் பின்

படையெடுப்பு தோற்றது, வீரர்களின் துன்பம் வீணாகவில்லை. 1945 நவம்பரில் தில்லிச் செங்கோட்டையில் ஷாநவாஸ்கான், பிரேம்குமார் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர்மீது வழக்கு நடைபெற்றது. அப்போதுதான் இப்படையின் வரலாற்றை இந்திய மக்கள் விரிவாக அறிந்தனர். நாடெங்கும் எழுச்சி உண்டாயிற்று. மூவருக்கும் விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 1946 சனவரியில் அரசு நீக்கியது.

மணிப்பூரில் மொய்ராங் என்னும் ஊரில் 1944 ஏப்ரல் 14 அன்று இப்படையினர் மூவண்ணக்கொடியை ஏற்றினர். இன்று அங்கே நினைவு அருங்காட்சியகம் உள்ளது. ஆனால், பசியாலும் நோயாலும் சாய்ந்த ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு பேருள் பலருக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. வெற்றி பெற்ற களங்களை மட்டும் வரலாறு என்று எண்ணினால் அவர்களை நாம் இழந்துவிடுவோம்.

ஒரு படையின் வலிமையைக் கணக்கிடுவோர் துப்பாக்கிகளை எண்ணுவர். அறிவுடையோர் அதனோடு அரிசி மூட்டைகளையும், அவற்றைச் சுமக்கும் வண்டிகளையும், அவ்வண்டிகள் செல்லும் பாதைகளையும் எண்ணுவர். மட்டாஞ்சேரியில் 1942இல் அரிசிக் கப்பலுக்காகக் காத்திருந்த குடும்பமும், 1944இல் பாலேல் மலையில் அரிசி மூட்டைக்காகக் காத்திருந்த வீரனும் ஒரே போரினால் பசித்தவர்கள் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

சொற்பொருள் அறிவோம்

பண்டகசாலை – சரக்குகளைச் சேர்த்து வைக்கும் இடம்
பாசறை – படைவீரர் தங்கும் இடம்
முற்றுகை – பகைவரைச் சூழ்ந்து வழியடைத்தல்
பொதிவிலங்கு – சுமை சுமக்கும் விலங்கு
பிணி – நோய்
சாவகம் – ஜாவாத் தீவு

பயிற்சி

1. பர்மா அரிசியைக் கொச்சி நம்பியிருந்ததன் காரணம் யாது?
2. முடாகுச்சியின் திட்டத்தில் இருந்த குறை யாது? பாடத்திலிருந்து இரண்டு சான்றுகள் தருக.
3. ‘அரிசியின் கதையே மருந்தின் கதையும் ஆனது’ – இத்தொடரை விளக்குக.
4. வேலி போர்ஜ் பாசறைக்கும் இம்பால் போர்முனைக்கும் உள்ள ஒற்றுமைகள் இரண்டும் வேற்றுமை ஒன்றும் எழுதுக.
5. படையைவிட்டு நீங்கியோரைப் பற்றி நீவிர் என்ன கருதுகிறீர்? காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுக.
6. உங்கள் குடும்பத்தார் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எதன்பொருட்டுக் கொச்சிக்கு வந்தனர் என்பதை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டறிந்து வகுப்பில் கூறுக.